வைக்கோல் படப்பை அளந்த பிறகு தரகரிடம் பேசுங்கள்

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய கால்நடை டாக்டர் அவர்களுக்கு, நாங்கள் குமரி மாவட்டம் தோவாளை வட்டத்தில், ஆரல்வாய்மொழிக்கு அருகே, கால்வாயின் கடைவரம்பில் இருக்கிறோம். தொழுவத்தில் ஆறு உருப்படிகள் நிற்கின்றன. செவலை மூன்றாம் ஈத்து. கன்று ஈன்று இரண்டு மாதம் ஆகிறது. நாளுக்கு 9 லிட்டர் கறக்கிறது. அதன் பெண் கன்றும் உடன் இருக்கிறது. கறுப்பி ஐந்தாம் ஈத்து. ஈன்று எட்டு மாதம் ஆகிறது. மூன்றரை லிட்டர்தான் தருகிறது. அதற்கு மூன்று முறை சினை ஊசி போட்டோம். கடைசி ஊசி போட்டு 70 நாள் ஆகிறது. புள்ளி முதல் ஈத்தில் 8 லிட்டர் கறந்த மாடு; இப்போது பால் வற்றி ஏழு மாதம் நிறைந்த சினையாக இருக்கிறது. 16 மாதக் கிடாரி ஒன்று உண்டு. மகள் பிறந்த ஆண்டில் எங்கள் வீட்டுக்குக் கன்றாக வந்த வெள்ளச்சிக்கு இப்போது 12 வயது. பாலும் இல்லை, சினையும் இல்லை.

கன்னிப்பூ நெல் போகத்துக்குத் தண்ணீர் எங்கள் வயல் வரை வரவில்லை. கிணற்றில் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடுகிறது. படப்பில் 130 கட்டு வைக்கோல் இருக்கிறது. வெளியே வாங்கினால் கட்டு 120 ரூபாய். தீவன மூட்டை 1,400 ரூபாய். சொசைட்டியில் லிட்டருக்கு 36 ரூபாய் கிடைக்கிறது. தரகர் ஒருவர் ஆறுக்கும் சேர்த்து 1,15,000 ரூபாய் தருவதாகவும், ஆடி பிறப்பதற்குள் அச்சாரம் வாங்கிக்கொள்ளும்படியும் சொல்கிறார். எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு ஒன்றையும் விட மனம் வரவில்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் என் அண்ணன், ஒரு மாட்டை மட்டும் தன்னால் பார்த்துக்கொள்ள முடியும் என்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கணவர் சொல்வதும் நீங்கள் சொல்வதும் ஒரே தவற்றின் இரண்டு பக்கங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இருவரும் ஆறு உருப்படிகளையும் ஒரே பொருளாக நினைக்கிறீர்கள். தரகரும் அப்படித்தான் நினைக்கச் சொல்கிறார். தொழுவத்தில் நிற்கும் ஒவ்வொரு மாட்டுக்கும் கணக்கு வேறு, ஆகவே முடிவும் வேறு. அந்த முடிவுகளைத் தொழுவத்தில் நின்று மாட்டின் முகத்தைப் பார்த்து எடுக்க முடியாது. முதலில் படப்புக்குப் போய் வைக்கோலை அளந்து பாருங்கள்.

பத்துக் கட்டுகளைத் தூக்குத் தராசில் எடை போட்டுச் சராசரி எடுங்கள். இயந்திரம் கட்டிய கட்டு 15 கிலோ என்று வைத்துக்கொண்டால் 130 கட்டுக்கு 1,950 கிலோ வரும். அடியில் நைந்தது, மேலே மழையில் கறுத்தது, மாடு காலடியில் போட்டு மிதிப்பது என்று பத்தில் ஒரு பங்கைக் கழித்தால், வாய்க்குள் போகும் வைக்கோல் 1,755 கிலோ. பசும்புல் இல்லாத இந்த நாட்களில் அடர்தீவனத்துடன் சேர்த்துச் சிக்கனமாகக் கொடுத்தாலும் பெரிய மாடு நான்கிற்கும் தலைக்கு 6 கிலோ, கிடாரிக்கு 4 கிலோ என்று நாளொன்றுக்கு 28 கிலோ வேண்டும். ஜூலை முதல் நாளில் தொடங்கினால் 62 நாட்களில், அதாவது ஆகஸ்ட் முடியும்போது, படப்பு இருந்த இடம் வெறும் தரையாகிவிடும்.

அடுத்த தீவனம் எந்த நாளில் வரும் என்பது இரண்டாவது கேள்வி. மேற்கே விளவங்கோடு, திருவட்டாறு பக்கம் தென்மேற்குப் பருவத்தில் பெய்யும் மழையை நம்பி நாம் கணக்குப் போட முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனியிலும் ஆடியிலும் வீசும் காற்று காற்றாலைக்கு உதவுமே தவிர, மாட்டுக்குப் புல் தராது. பேச்சிப்பாறை அணையிலும் பெருஞ்சாணி அணையிலும் நீர்மட்டம் ஏறினாலும் அது தோவாளைக் கால்வாயின் கடைவரம்பை எட்டுவது அந்தந்த ஆண்டின் அதிர்ஷ்டம். உங்கள் ஊருக்கு நம்பக்கூடிய மழை ஐப்பசி மழைதான். வடகிழக்குப் பருவமழை வழக்கப்படி அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கி, வரப்பில் அறுத்துப் போடும் அளவுக்குப் புல் வளர மூன்று வாரம் ஆகும் என்றால், நவம்பர் இரண்டாவது வாரம் வரை, அதாவது 135 நாட்கள், இருப்பை வைத்து ஓட்ட வேண்டும். உங்கள் வயலின் புது வைக்கோலோ அடுத்த நெல் போகமான கும்பப்பூ அறுவடையில், மாசி பங்குனியில்தான் வரும். கையில் இருப்பது 62 நாள் தீவனம், தேவைப்படுவது 135 நாள் தீவனம். உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதத்துக்கு இந்த இரண்டு எண்கள்தான் நடுவர்.

செவலையையும் புள்ளியையும் மட்டும் வைத்துக்கொண்டால் நாளுக்கு 12 கிலோ போதும். இருப்பு 146 நாள் வரும். கிடாரியையும் சேர்த்தால் 16 கிலோ. 110 நாள் வரும், 25 நாள் துண்டு விழும். துண்டு விழுவதன் அளவு 405 கிலோ, அதாவது 27 கட்டு; இன்றைய விலையில் 3,240 ரூபாய். நான்கு பெரிய மாடுகளையும் கிடாரியையும் வைத்துக்கொள்ள வேண்டுமானால் 2,025 கிலோ, அதாவது 135 கட்டு, விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். ஆவணியில் எல்லாரும் ஒரே சமயத்தில் வைக்கோல் தேடி அலையும்போது கட்டு 120 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செவலையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அது நிற்கட்டும். 9 லிட்டருக்கு 324 ரூபாய் வருகிறது. உடலைப் பேணுவதற்கு ஒன்றரை கிலோவும், ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோவும் என்ற பழைய கணக்கின்படி 5 கிலோ அடர்தீவனத்துக்கு 140 ரூபாய், வைக்கோலுக்கு 48 ரூபாய், தாது உப்புக் கலவைக்கு 5 ரூபாய் போனால் 131 ரூபாய் மிஞ்சும். வைக்கோல் கட்டு 200 ரூபாய்க்கு ஏறினாலும் 99 ரூபாய் நிற்கும். வறட்சியில் தொழுவத்துக்கே சோறு போடுகிற மாடு இதுதான். தரகர் ஆறையும் சேர்த்து விலை பேசுவதன் சூட்சுமமும் இதுவே: நல்ல விலை போகும் ஒரு மாட்டைக் கூட்டத்துக்குள் மறைத்து, மற்றவற்றை வாங்கிக்கொள்வது ஏதோ உதவி போலக் காட்டுவார். சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுகிறவர்களைத் தந்திரக்காரர்கள் என்கிறோம். அங்கேகூட ஒரு நேரத்தில் ஒரு மாட்டுக்குத்தான் விரல் பிடிப்பார்கள். எதை விற்பதானாலும் தனித்தனியாக விற்பது என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள். வங்கியிலோ சங்கத்திலோ கடன் பெற்று வாங்கிய மாடு ஏதேனும் அவற்றில் இருந்தால், கடன் கொடுத்தவர்களின் சம்மதம் இல்லாமல் அதற்கு அச்சாரம் வாங்கக்கூடாது.

கறுப்பியில்தான் உண்மையான முடிவு இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மூன்றரை லிட்டருக்கு 126 ரூபாய் வருகிறது. இரண்டரை கிலோ தீவனத்துக்கு 70, வைக்கோலுக்கு 48 என்று 118 போனால் மிச்சம் 8 ரூபாய். நீங்கள் காலையும் மாலையும் கறந்து, கழுவி, சொசைட்டிக்குச் சுமந்து போவதற்குக் கூலி நாளுக்கு 8 ரூபாய். வைக்கோல் 200 ரூபாய் ஆகும் அன்று அதுவும் போய், நாளுக்கு 24 ரூபாய் கையிலிருந்து போகும். ஆகவே விற்க வேண்டிய மாடு கறுப்பிதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த வாரமே தரகரிடம் கயிற்றைக் கொடுத்துவிடாதீர்கள். கடைசி ஊசிக்குப் பிறகு 70 நாளாக அது பருவத்துக்கு வரவில்லை என்பதை உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். சினை பிடித்திருந்தாலும் அப்படி இருக்கலாம். தீவனம் குறைந்து உடல் இளைத்த மாடு பருவத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவதால் சினையில்லாமலும் அப்படி இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. 60 நாள் கடந்துவிட்டால் கால்நடை மருத்துவர் கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஒரு காலை ஓட்டிச் செல்லுங்கள்.

சினை என்றால் அதற்கான சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, சினைமாடு என்றே விலை சொல்லுங்கள். அது ஜனவரி கடைசியில்தான் கன்று ஈனும். அதற்குள் பால் வற்றி, கும்பப்பூ அறுவடை வரை உங்கள் படப்பைத்தான் தின்றுகொண்டு நிற்கும். அதே மாடு மேற்கே ரப்பர் தோட்டத்துக்கு நடுவிலும் வாழைத் தோப்பிலும் புல் அறுக்க வசதியுள்ள ஒரு வீட்டுக்கு நல்ல முதலீடு. உங்களுக்குப் பாரமாக இருப்பது இன்னொருவருக்குப் பயனாக இருக்கும்போது இரு தரப்புக்கும் கட்டுப்படியாகும் விலை அமையும். ஆகவே தரகரை மட்டும் நம்பாமல் உங்கள் அண்ணன் வழியாகவும் சொல்லி வையுங்கள். சினை இல்லை என்றால் ஒரு வாரம்கூடத் தாமதிக்க வேண்டாம். மூன்றரை லிட்டராவது கறக்கும்போது அதை வாங்க ஒரு வீட்டுக்காரர் வருவார். பால் வற்றிவிட்டால் கேட்டு வருகிறவர் வேறு ஆளாக இருப்பார்.

சீக்கிரம் விற்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரியில் 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது பணியில் இருந்த நான் கண்டது இதுதான்: நல்ல உடல்வாகோடு இருந்தபோது விற்க மறுத்தவர்கள், விலா எலும்பு தெரிய ஆரம்பித்த பிறகு ஊரோடு சேர்ந்து ஒரே மாதத்தில் சந்தைக்கு ஓட்டிப் போனார்கள். வாங்க ஆள் இல்லாத இடத்தில் விற்பவர் கூட்டம் அதிகமாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அடிமாட்டு விலை என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே, அன்று அது வெறும் பேச்சாக இருக்கவில்லை. அந்த மாடுகள் விற்பதற்கு முந்தைய மூன்று மாதத்தில் தின்ற வைக்கோலின் விலையையும் சேர்த்துப் பார்த்தால் நட்டம் இருமடங்கு. மழை பெய்து புல் வந்த பிறகு அதே ஆட்கள் மாடு வாங்கப் போனபோது விலை ஏறியிருந்தது.

உங்கள் மாடு இளைக்கிறதா என்பதைக் கண்ணால் தினமும் பார்ப்பவருக்குத் தெரியாது. டேப்பால் அளந்தால் தெரியும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பின் முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் வரும். சுற்றளவு 54, நீளம் 42 அங்குலம் உள்ள கிடாரி சுமார் 185 கிலோ இருக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்து, தொழுவத்துச் சுவரிலேயே எழுதி வையுங்கள். விலை பேச வருகிறவரிடமும் இந்த எண் உங்களுக்கு உதவும்.

புள்ளியை விற்கவே கூடாது. அதைச் செவலைக்கு அடுத்த பாதுகாப்பில் வையுங்கள். இன்று அது பால் தராமல் தின்னும் மாடாகத் தெரிகிறது என்பதால் உங்கள் கணவரின் கண் முதலில் அதன் மேல்தான் விழும் என்று நினைக்கிறேன். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள்; இன்னும் 70 நாள் இருக்கிறது. 2 கிலோ தீவனமும் 6 கிலோ வைக்கோலுமாக நாளுக்கு 104 ரூபாய் வீதம் 7,280 ரூபாய் செலவு செய்தால் செப்டம்பர் முதல் பகுதியில் கன்று ஈன்று பாலுக்கு வரும். செவலையின் கறவை இறங்கத் தொடங்கும் நேரமும் அதுதான். மேலும் சினை முற்றிய மாட்டை லாரியில் ஏற்றி அனுப்புவது அதன் உயிருக்கும் வயிற்றுக் கன்றுக்கும் கேடு. அதை நான் எந்த விலைக்கும் ஒப்பமாட்டேன்.

புள்ளிக்கு அடர்தீவனத்தைக் குறைத்து அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். சினையின் கடைசி இரண்டு மாதத்தில்தான் கன்று வேகமாக வளர்கிறது. அப்போது குறைத்த தீவனம் பிறகு முழு ஈத்திலும் பாலில் குறையும். இன்னொரு செய்தியும் உண்டு. மாதக்கணக்கில் வெறும் வைக்கோலை மட்டும் தின்னும் மாட்டுக்கு உயிர்ச்சத்து ஏ குறைந்துபோகும். நஞ்சுக்கொடி விழாமல் தங்குவதும், கன்று நலிந்தோ பார்வைக் குறையோடோ பிறப்பதும் இதனால் நேரும். வீட்டைச் சுற்றி அகத்தி, முருங்கை, பூவரசு, கல்யாண முருங்கை என்று எது பசுமையாகக் கிடைத்தாலும், அந்த இரண்டு மூன்று கிலோ தழையை முதலில் புள்ளிக்கும், அடுத்தபடியாகக் கிடாரிக்கும் போடுங்கள். பால் கறக்கும் மாட்டுக்குத்தான் பசுந்தழை என்ற வழக்கத்தை இந்த நான்கு மாதம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தீவனத்தை நீட்டிக்கும் வழிகளைப் பற்றி உங்களுக்குப் பலரும் பல யோசனை சொல்வார்கள். அவற்றில் வைக்கோலை நறுக்கிப் போடுவதுதான் செலவில்லாத முதல் வழி. நீளமாகப் போடும்போது மிதிபட்டு வீணாவதில் பெரும்பகுதி மிஞ்சும். இரண்டாவது, யூரியா தெளித்துப் பதப்படுத்துவது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் தண்ணீரில் முழுதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்திருந்து எடுத்தால், 3, 4 விழுக்காடாக இருக்கும் புரதம் 7 விழுக்காட்டுக்கு மேல் ஏறும். மாடும் விரும்பித் தின்னும். கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்துப் பரப்பி நெடி போகவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கக்கூடாது. யூரியா கரைத்த வாளியை மாடு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போவது, மாடு பசியோடு நிற்கிறதே என்று 21 நாள் ஆகும் முன்பே பிரிப்பது, அளவைக் கூட்டினால் சத்தும் கூடும் என்று நினைப்பது ஆகிய மூன்றும் மாட்டின் உயிருக்கு ஆபத்து. இந்தக் கவனம் உங்களால் முடியாது என்றால் இந்த வழியே வேண்டாம்.

அசோலாவைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். அது கெட்டதல்ல, ஆனால் ஒரு கிலோ பச்சை அசோலாவில் உலர்ந்த சத்து 60 கிராம் அளவுக்குத்தான் இருக்கும், மிச்சமெல்லாம் தண்ணீர். ஒரு மணி நேரம் மட்டும் மோட்டார் ஓடும் கிணற்றை வைத்துக்கொண்டு அதற்குத் தொட்டி கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குலை வெட்டிய வாழையின் தண்டும் அப்படித்தான். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர். நறுக்கிப் போட்டால் மாட்டின் தாகம் குறையும், வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். அதைத் தீவனக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நம் மாவட்டத்தில் வறட்சிக் காலத்தில் மாடு சாவதற்கு மரச்சீனி (மரவள்ளி) இலையும் ஒரு காரணம் என்பதால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிழங்கு பறித்த வயலில் பச்சையாகக் கிடக்கும் இலையைப் பசித்த மாடு ஆவலாகத் தின்னும். அதிலுள்ள சயனைடு நஞ்சு சில நிமிடங்களில் மூச்சுத் திணறலையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்கிக் கொன்றுவிடும். இலையையும் கிழங்குத் தோலையும் நன்றாக வெயிலில் உலர்த்திய பிறகு, சிறிய அளவில் மட்டுமே கொடுக்கலாம். தண்ணீரில்லாமல் குட்டையாக நின்றுபோன இளஞ்சோளப் பயிரிலும் இதே நஞ்சு இருக்கும். மாடு தின்றுவிட்டது என்று தெரிந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியையும் கேட்கலாம். குறித்த நேரத்துக்குள் ஊசி போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு.

தண்ணீர்க் கணக்கும் மாடு விற்கும் முடிவில் சேர வேண்டும். கறக்கும் மாடு ஒன்றுக்கு இந்த வெக்கையில் நாளுக்கு 50 முதல் 60 லிட்டர் வேண்டும். அதில் குறைத்தால் தீவனத்தைக் குறைத்ததைவிட வேகமாகப் பால் குறையும். மோட்டார் ஓடும் அந்த ஒரு மணி நேரத்தில் தொட்டியை நிரப்பி நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டைக் கழுவுவதைக் குறைத்தாலும் கறப்பதற்கு முன் மடியைக் கழுவுவதைக் குறைக்காதீர்கள். இந்த நேரத்தில் மடிநோய் வந்தால் செவலையின் கணக்கு முழுதும் தலைகீழாகிவிடும்.

கிடாரியை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. எடை 250 கிலோவை எட்டும்போது, இன்னும் நான்கைந்து மாதத்தில், சினைக்கு விடலாம். அது மழைக்குப் பிறகு தீவனம் வரும் காலத்தோடு பொருந்துகிறது. அதற்காக வாங்க வேண்டிய 27 கட்டை ஆடி பிறக்கும் முன்பே, கறுப்பியை விற்ற பணத்திலிருந்து வாங்கிப் படப்பில் ஏற்றிவிடுங்கள். கால்வாயின் தலைப்பகுதியில் கன்னிப்பூ நட்டவர்களிடம் பிறகு புது வைக்கோல் கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். மழையில் அறுத்து ஈரத்தோடு கட்டிய வைக்கோலில் பூசணம் பிடித்திருந்தால் சினைமாட்டுக்கு அது ஆபத்து. சில வறட்சி ஆண்டுகளில் அரசு உலர்தீவனக் கிடங்கு திறந்து மானிய விலையில் வைக்கோல் கொடுத்ததுண்டு. இந்த முறை திறந்தால் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வராத கிடங்கை நம்பி வாயுள்ள மாட்டைக் கட்டி வைக்கக்கூடாது.

இத்தனையும் ஐப்பசி மழை வரும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. அது 2016 போலப் பொய்த்தால்? அக்டோபர் கடைசி நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதுவரை மழை இல்லையென்றால், அன்று செவலை ஆறு மாதக் கறவையில் இருக்கும், புள்ளி ஈன்று இரண்டு மாதத்துக்குள் இருக்கும். அப்போது கிடாரியை முதலில் விற்றுவிடுங்கள்; அதற்கும் பதினைந்து நாள் கழித்து நிலைமை மாறவில்லை என்றால் செவலையையும் விற்றுவிட்டுப் புள்ளியையும் கன்றுகளையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் போய் யோசிக்கத் தொடங்காமல், கணவரும் நீங்களும் இப்போதே இதைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது.

வெள்ளச்சியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் பாரம் முழுதும் அதில்தான் இருக்கிறது. பால் பண்ணைக் கணக்கில் அதற்கு இடமில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 135 நாளில் 810 கிலோ, அதாவது 54 கட்டு தின்னும். கட்டு 120 ரூபாய் வீதம் 6,480 ரூபாய். அதை மாட்டுக் கணக்கில் எழுதினால் நீங்களும் கணவரும் தினமும் சண்டை போடுவீர்கள். வீட்டுச் செலவாக எழுதினால், தாங்க முடிகிற செலவா இல்லையா என்பது மட்டுமே கேள்வியாக இருக்கும். வருவாயை மட்டும் பார்க்கிற ஒருவர், அண்ணன் வீட்டுக்குக் கிடாரியைப் பங்கு பேசி வாரத்துக்கு வளர்க்க அனுப்பிவிட்டு வெள்ளச்சியை விற்கச் சொல்வார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கிடாரிக்கு நாள்தோறும் கண்காணிப்பும், பருவத்துக்கு வருகிறதா என்று பார்க்கும் ஆளும், அளந்து வைக்கும் தீவனமும் வேண்டும். அது உங்கள் கையில் இருப்பதே சரி. உடலைத் தக்கவைத்துக்கொண்டால் போதும் என்ற நிலையிலுள்ள கிழட்டு மாடு தோட்டத்துப் புல்லையும் பலா இலையையும் வைத்தே காலம் தள்ளிவிடும். அண்ணனிடம் வெள்ளச்சியை விடுங்கள். நாளுக்கு ஒரு கிலோ தவிட்டுக்கான பணத்தை மாதம் முதல் தேதியே அவர் கேட்காமல் அனுப்பிவிடுங்கள். உறவுக்காரர் வீட்டில் மாடு கட்டுவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான் கசந்துபோகிறது.

அனுப்பும் முன் குடற்புழு மருந்து கொடுத்து, கோமாரி தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள். ஈரமான அந்தப் பக்கத்தில் உண்ணித் தொல்லை அதிகம் என்பதால் அண்ணன் வாரம் ஒருமுறை காதுக்குள்ளும் மடிக்கு மேலும் தடவிப் பார்க்கட்டும். 12 வயது மாட்டுக்குப் பல் தேய்ந்திருக்கும். வாயைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். தேய்ந்திருந்தால், வைக்கோலானாலும் முற்றிய புல்லானாலும் விரல் நீளத்துக்கு நறுக்கி, கழுநீரில் சற்று நேரம் ஊறவைத்துக் கொடுக்கும்படி அண்ணன் மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.